மயிலிட்டியில் ஒரு கிணறு

ஆனையூர் முகாமில் எனக்கு ஒரு அம்மம்மா உண்டு. சொந்தம் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரின் பாட்டி. வேலை முடிந்து கணக்கு தீர்ந்த பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார். கேம்ப் என்றால்தான் வண்டி கிளம்பும்.

அம்மம்மாவுக்கு ஊர் மயிலிட்டி. யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரை, காங்கேசன்துறைக்குப் பக்கம். 1990இல் சண்டை நெருங்கியபோது மகளோடு வெளியேறினார். படகு, மண்டபம், பதிவு, பிறகு மதுரை. அவர் பேச்செல்லாம் “பிரச்சினைக்கு முன்னம்” என்றுதான் தொடங்கும். பிரச்சினைக்கு முன்னம் எங்கட வளவில ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டது. பிரச்சினைக்கு முன்னம் அறுக்குளா மீனை ஆரும் நிறுத்து வாங்கேல்லை. கிணத்தடியில நிண்டு கூப்பிட்டால் கடல்ல நிக்கிறவைக்குக் கேக்கும். (அறுக்குளா என்பது நம்மூர் சீலா மீன். இது புரிய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.) முகாம் வீட்டின் அளவு பத்துக்குப் பத்து அடி. அதற்குள் உட்கார்ந்து அவர் அந்த வளவை விவரிக்கும்போது கை இரண்டும் அகலமாய் விரியும். ஒருமுறை கை சுவரில் இடித்தும் இருக்கிறது.

நான் மென்பொருள் ஆள். ஒருவர் ஓர் இடத்தைச் சொன்னால் போனில் தேடிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. ஒருநாள் அவர் வழி சொல்லச் சொல்ல, செயற்கைக்கோள் படத்தில் நானும் போய்க்கொண்டிருந்தேன். துறைமுகம் கிடைத்தது. அங்கிருந்து ரோடு, வளைவு. 27 ஆண்டுகள் ராணுவத்தின் கையில் இருந்து, 2017 ஜூலையில்தான் துறைமுகப் பகுதி மக்களிடம் திரும்பியது என்று படித்திருந்தேன். ஏதோ பரிசு கொடுப்பவன் மாதிரி போனை அவர் முன்னால் நீட்டினேன். “அம்மம்மா, இதான் உங்க ஊரு.”

அவர் சொன்ன இடத்தில் வீடு என்று எதுவும் இல்லை. பற்றையும் வெறும் மண்ணும்தான். ஒரு நிமிஷம் பார்த்தார். “இது ஆற்ற ஊர்?” என்றார். பிறகு, “ஏன் தம்பி எனக்கு இதைக் காட்டுறீர்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதானே, தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று நினைத்துத்தான் காட்டினேன். ஆனால் அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? 35 வருஷமாக வந்து போகிறவர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா? தெரிந்த ஒன்றை அவர் ஓர் இடத்தில் வைத்திருந்தார். நான் அதை எடுத்து நடுவீட்டில் போட்டேன்.

இதைவிட மோசமாக இன்னொன்றும் செய்தேன். “எங்கட ஊரில சண்டை சச்சரவு ஒண்டும் இல்லை, பிரச்சினைக்கு முன்னம்” என்று அவர் ஒருநாள் சொன்னபோது எனக்குள் இருந்த வாசகன் விழித்துக்கொண்டான். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1958இலும் 1977இலும் கலவரம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டேன், அவை வெளியிலிருந்து வந்தவை. ஆனால் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் அவர் ஊருக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. 1968இல் அங்கே ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலய நுழைவுக்காகப் போராடினார்கள், வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள். அப்போது இவருக்குப் பதினெட்டு வயது இருக்கும். “அங்க கோயிலுக்குள்ள எல்லாரையும் விட்டாங்களா அம்மம்மா?” என்று கேட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. “நாங்கள் உள்ளுக்குப் போவம். அவையள் வெளியில நிப்பினம். நான் பாத்தனான்.” கொஞ்சம் நிறுத்தினார். “அப்ப அது எனக்குச் சண்டையாத் தெரியேல்லை தம்பி.”

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒருவித வெற்றி உணர்ச்சி இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் அது கரைந்துவிட்டது. காரணம் என் சொந்த ஊர்.

மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா ஊர். சின்ன வயதில் பள்ளி விடுமுறை எல்லாம் அங்கேதான். நுங்கு, பம்புசெட்டு, கிணற்றில் குதித்தது, வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி அம்மாவிடம் திட்டு வாங்கியது. 1997ஆம் வருஷக் கோடையும் அப்படித்தான் என் தலைக்குள் இருக்கிறது. அந்த ஜூன் 30ஆம் தேதி, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் குற்றம். எங்கள் தாத்தா ஊரிலிருந்து பைக்கில் போய்விடுகிற தூரம். அந்தக் கோடையைப் பற்றி நான் இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் நுங்கு இருக்கிறது. முருகேசன் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது என்று சமாதானம் சொல்லலாம். எழுதியபோது முப்பது.

என்னிடம் யாரும் போனை நீட்டி இதுதான் உங்கள் ஊர் என்று காட்டவில்லை. ஊர் இழந்தவரிடம்தான் நாம் துல்லியத்தை எதிர்பார்க்கிறோம். நம்மூர்க்காரர் பழைய நாளைப் பற்றிப் பேசினால் ரசிக்கிறோம். முகாமில் இருப்பவர் பேசினால் அது சாட்சியமாகிவிடுகிறது, குறுக்கு விசாரணை செய்கிறோம். அவிஷாய் மார்கலிட் என்ற இஸ்ரேலியத் தத்துவவாதி நினைவின் அறம் பற்றி 2002இல் ஒரு புத்தகம் எழுதினார். நினைவில் வைத்திருக்கும் கடமை பெரும்பாலும் நெருக்கமான உறவுகளுக்குள்தான் வருகிறது என்பது அவர் வாதம். திருத்தும் உரிமையும் அப்படித்தானோ என்று எனக்குப் படுகிறது. அம்மம்மாவைத் திருத்த வேண்டியவர் யாராவது உண்டென்றால், அன்று கோயில் வாசலில் நின்றவர். அவர் வந்து கேட்டால் அம்மம்மா பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வருகிற நான் யார்?

இப்படிச் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். பேரன் விடவில்லை.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். படகில் வந்தபோது தாயின் வயிற்றில் இருந்தார். 1991இல் பிறந்தது மதுரை பெரியாஸ்பத்திரியில். நானும் அங்கேதான் பிறந்தேன். இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை என்ற நிலை 1987 ஜூலை 1க்கு முன்பு பிறந்தவர்களோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது இந்தத் தேதியை வைத்துத்தான். இவருக்கு அது பொருந்தாது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. எனக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே வெயில், அதே பேச்சு. வெளியே அவர் பேசுவது சுத்தமான மதுரைத் தமிழ், “என்னண்ணே, வாங்கண்ணே” என்றுதான். வாசல்படி தாண்டி உள்ளே போனால் “அம்மம்மா, சாப்பிட்டனீங்களோ?”

செக்கிங் நாளில் வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிற அவருக்கு, இந்த நாட்டில் பதிவேட்டில் ஓர் எண். அந்த நாட்டில் ஒரு மாமரமும் ஒரு கிணறும், அதுவும் கேள்விப்பட்டவை. கோயில் வாசலில் நின்றவர்களைக் கழித்துவிட்டு அவர் கையில் கொடுக்கப்பட்ட ஊர் அது. நாளைக்கு அவர் அங்கே திரும்பிப் போனால், அந்த வாசலில் நின்றவர்களின் பேரன்களும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு “பிரச்சினைக்கு முன்னம்” இருக்கும், அதில் மாமரம் இருக்காது. அப்போது இவர் என்ன செய்வார்? அம்மம்மாவுக்கு ஊரை எப்படி நினைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று நான் இன்னும் நம்புகிறேன். கேட்டு வளர்ந்தவருக்கும் அதே உரிமை அப்படியே இறங்கி வருமா என்பதில்தான் தடுமாறுகிறேன்.

அவரிடமே இதைக் கேட்டேன். சீமைக்கருவேல நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். விரல் நகங்களில் எல்லாம் வெள்ளை பிரைமர்.

“கோயில் விஷயம் எனக்குத் தெரியும்ணே. அம்மா சொல்லிருக்காங்க. அம்மம்மாகிட்ட நான் கேட்டதில்ல.”

“ஏன்?”

“அவங்க இருக்கிற வரைக்கும் மாமரம் இருக்கட்டும்னுதான்.”

பிறகு அந்தப் படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வெயிலில் திரை தெரியாமல், கையால் மறைத்துக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பற்றைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு புள்ளி.

“இது கிணறாண்ணே?”

நிழலாகவும் இருக்கலாம் என்றேன். இன்னும் பெரிதாக்கினார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது.