நிறம் கேட்காத முகம்

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டக் கற்பவர், மற்ற நிறங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எரித்த அம்பர் என்னும் பழுப்பு ஒன்றோடு தொடங்குவது பழைய பயிற்சிமுறை. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கொண்ட மண்ணைச் சூடேற்றிப் பெறப்படும் இந்நிறம், மாங்கனீசின் துணையால் எண்ணெயை விரைந்து உலரச் செய்வதால் அடிப்பூச்சுக்கு ஏற்றதாகிறது. கித்தான் முழுவதும் அதை மெல்லப் பூசி, ஒளி விழும் நெற்றியையும் மூக்குத்தண்டையும் துணியால் துடைத்தெடுக்க, கித்தானின் வெண்மையே ஒளியாகி முகம் தோன்றுகிறது. ஒரே நிறத்தின் இந்த வெளிர்வையும் அடர்வையும்தான் ஓவியர்கள் டோன் என்கின்றனர்.

கொங்கு வட்டாரத்து வீடொன்றில், பேரப்பிள்ளைகள் அம்மாயி என்றழைத்த மூதாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து இவ்வாறு தீட்டிய அடிப்பூச்சை, அவரேதான் என்று அனைவரும் ஏற்றனர். அடுத்து மேனிநிறம் என்னவென்று கேட்டபோது, நல்ல சிவப்பு என்றார் மூத்த மகள். மாநிறம் என்றார் இளைய மகன். இருவரும் அவர் கையால் உண்டு வளர்ந்தவர்கள். பழுப்பில் ஒத்துப்போன இரு நினைவுகள் நிறத்தில் ஏன் பிரிந்தன?

நிறமின்றியே முகங்களை அறிவது நமக்குப் புதிதன்று. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் 'மலைக்கள்ளன்' திரைப்படம் 1954இல் கறுப்பு வெள்ளையில் வந்தபோது, எம்.ஜி.ஆரின் மேனிநிறம் திரையில் இல்லாதது யாருக்கும் குறையாகப் படவில்லை. 'திரைச்சீலை' நூலாசிரியரான கோவை ஓவியர் ஜீவா போன்றோரை உருவாக்கிய சினிமா பேனர் மரபில், முகங்களில் நீலமும் பச்சையும் தாராளமாக ஏறின. டோன் சரியாக இருந்ததால், சாலையில் போகிறவருக்கு நடிகர் யாரென்பதில் ஐயம் எழவில்லை.

கொங்கு வட்டாரத்துத் தொட்டிக்கட்டு வீடுகளில், ஆசாரம் எனப்படும் கூடத்தில், மாலையிட்ட முன்னோர் படங்களின் கீழ் விளையாடி வளரும் குழந்தைகள், தாம் பிறக்குமுன்பே மறைந்த அப்பாரு எனும் தாத்தாவை அந்தச் சாம்பல் நிறத்திலேயே அறிந்துகொள்கின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான மூத்த பிளினியும், மனித நிழலின் விளிம்பைக் கோடிட்டதில் ஓவியம் பிறந்து, பின்னரே ஒற்றை நிறத்துக்கு வந்ததாக எழுதுகிறார். பிரிந்து போகவிருந்த காதலனின் முகநிழலைச் சுவரில் வரைந்த குயவர் மகளின் கதையும் அவர் நூலில் உண்டு. அவளுக்கும் அந்தக் கோட்டில் அவன் நிறம் வேண்டியிருக்கவில்லை.

இவற்றைக் கொண்டு, நிறம் மேற்பூச்சு, முகத்தின் உண்மை டோனில்தான் உள்ளது என்று முடிவுகட்டத் தோன்றும். மேனிநிறத்தை வைத்து மனிதரை, அதிலும் மணப்பெண்களை, எடைபோடும் சமூகத்தில் அம்முடிவு ஆறுதலும் தருகிறது. ஆயினும் அந்த மகளின் சிவப்பும் மகனின் மாநிறமும் வெறும் மறதியின் விளைவுகளாக இருக்க வேண்டியதில்லை. அவள் பார்த்தது இளவயதுத் தாயை, அவன் பார்த்தது பல ஆண்டுகள் வெயிலில் காடுகரையில் உழைத்தபின் இருந்த தாயை என்றால், இரண்டும் மெய்யே. பழுப்புப் படம் எல்லாருக்கும் பொதுவானதாக நிற்பது, ஒவ்வொருவருக்கும் உரியதை அது விட்டுவிட்டதால்கூட இருக்கலாம். கற்பவர் ஒற்றை நிறத்தில் நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒருவரை முழுதாக அறிவதற்கு அது போதுமா என்பதற்கு இக்கட்டுரையிடம் உறுதியான விடை இல்லை.