காட்டுவதும் காட்டிக் கொடுப்பதும்

காட்டுவது அன்பின் செயல். காட்டிக் கொடுப்பது துரோகத்தின் செயல். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று இந்நாட்களில் நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

இன்றைய கைப்பேசிக் காமிராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் அனுமதித்திருந்தால், படம் பிடித்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அந்தப் படத்துக்குள்ளேயே எண்களாகக் குறித்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது, தேடுகிறவனுக்குக் கிடைத்துவிடும்.

2012 டிசம்பரில் நடந்தது இது. ஒரு கொலை பற்றி விசாரிப்பதற்காகப் பெலிஸ் நாட்டுப் போலீஸார் தேடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபி என்ற கணினித் தொழிலதிபர் தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் பெருமையோடு ஒரு படத்தை வெளியிட்டார்கள். அவர் குவாதமாலாவில் இருப்பதைப் படத்திலிருந்த எண்கள் சொல்லிவிட்டன. சில நாட்களில் அங்கே அவர் கைதானார். அவரிடம் நமக்குப் பரிவு இல்லாமற் போகட்டும். காட்ட நினைத்தவர்கள் தம்மை அறியாமலே காட்டிக் கொடுத்தவர்கள் ஆனார்கள் அல்லவா?

மனிதனாவது ஓடி ஒளியலாம். காண்டாமிருகம் என்ன செய்யும்? இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள், படங்கள் வேட்டைத் திருடர்களுக்கு வழிகாட்டிவிடும் என்று எச்சரித்த தென்னாப்பிரிக்க வனப் பலகை ஒன்று 2014இல் உலகெங்கும் பேசப்பட்டது.

"அழகு பொதுச் சொத்து ஆயிற்றே! இடத்தை மறைப்பது சுயநலம் இல்லையா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். நியாயமான கேள்வி. வழி தெரிந்த சிலர் மட்டும் ரசித்துக்கொண்டு, மற்றவர்களை வாசலில் நிறுத்துவது நல்லதன்று. ஆனால், அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஜாக்ஸன் ஹோல் பகுதியின் சுற்றுலாக் குழுவே 2018இல் பயணிகளிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: துல்லியமான இடத்தைக் குறிக்காதீர்கள், பகுதியின் பெயர் போதும் என்று. வருகிறவர்களை வரவேற்பதே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். கதவை அவர்கள் சாத்தவில்லை; எல்லாக் கால்களும் ஒரே ஏரிக்கரையை மிதிக்க வேண்டாம் என்றார்கள்.

என் முகத்தை ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை உண்டு. நான் நின்ற மரத்திலுள்ள பறவைக் கூடும், எதிர்வீட்டுக் குழந்தை விளையாடும் முற்றமும் என்னுடையவையா? அவை என் கண்களிடம் அடைக்கலமாக வந்தவை.

காமிராவின் குறிப்பை விரலால் தொட்டு நிறுத்திவிடலாம். 'இன்ன இடத்தில் நான் இருந்தேன்' என்று சொல்லத் துடிக்கும் மனத்தை நிறுத்துவதுதான் கடினம். ஆகையால், படத்தை அனுப்புமுன் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இதிலுள்ளவர்களுக்கு வாய் இருந்து, நான் கேட்டிருந்தால், தங்கள் முகவரியை ஊருக்குச் சொல்லச் சம்மதித்திருப்பார்களா?