ஆண்பனையின் உரிமை

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் பழைய கிராமங்களை இணைக்கும் நடைவழிகள் இருக்கின்றன. வழிநெடுக மஞ்சள் பலகைகள் நிற்கும். அடுத்த ஊரின் பெயரும், அங்கே நடந்து சேர ஆகும் நேரமும் அவற்றில் எழுதியிருக்கும். எதற்காக நடக்கிறாய் என்று அந்தப் பலகைகள் கேட்பதில்லை.

அப்படி ஒரு வழியைச் செய்யாரிலும் போடலாம். திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலில் தொடங்கி, வடக்கே காஞ்சிபுரத்தை நோக்கி நடந்தால் பல்லவர் குடைவரைகள் உள்ள குரங்கணில்முட்டமும் மாமண்டூரும் வரும். ஏரிக்கரை, நெல்வயல், பனைமரம் எல்லாம் உண்டு. பாதைக்குக் குறைவில்லை. அதில் ஒரு பெண் தனியாக, சும்மா நடந்து போக முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்த வட்டாரத்துப் பெண்கள் நடக்காதவர்கள் அல்ல. விடியும் முன்பே நாற்று நடவும் பூப்பறிக்கவும் இருட்டில் நடக்கிறார்கள். அப்போது யாரும் அவர்களை நிறுத்தி, “காலம் கெட்டுக் கிடக்கு, வீட்டுக்குப் போ” என்று சொல்வதில்லை. அதே பெண் மாலையில் கையில் குடமோ பையோ இல்லாமல் ஏரிக்கரைப் பக்கம் போனால், “எங்கே போறே?” என்று நான்கு பேர் கேட்பார்கள். வேலைக்குப் போகும்போது தோன்றாத ஆபத்து, வேலை இல்லாமல் போகும்போது மட்டும் எப்படித் தோன்றுகிறது? ஆபத்து பொய்யல்ல. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது ஆபத்து மட்டுமல்ல, பயனும்தான். பெண்ணின் நடைக்கு ஒரு பயன் இருந்தாக வேண்டும் என்று ஊர் நினைக்கிறது.

பக்தியும் அப்படி ஒரு பயன்தான். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் பெண்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். இரவும் சாலையும் பெண்ணுக்கு ஆகாதவை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஊர் மனம் வைத்தால் வெளிச்சமும் தண்ணீரும் துணையும் தானாக வருகின்றன.

திருவோத்தூர்க் கதை ஒன்று இங்கே பொருந்தும். சிவனடியார் ஒருவர் வைத்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகப் போயின. காய்க்காத மரங்களைக் காட்டிப் பிறர் கேலி செய்தார்கள். சம்பந்தர் பதிகம் பாட, அவை பெண்பனைகளாகிக் குலை தள்ளின என்பது பெரியபுராணம் சொல்லும் அற்புதம். நாம் மறுபக்கத்திலிருந்து கேட்கலாம். காய்ப்பதற்காகவே பெண்ணாக்கப்படும் மரத்தின் கதை, பயன் தந்தால்தான் மதிப்பு என்று வளர்க்கப்படும் பெண்ணின் கதை அல்லவா? காய்க்காமல் சும்மா நிற்கும் ஆண்பனையின் உரிமை நமக்கு எப்போது வரும்?

மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டு ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நாடகத்தைக் குறிப்பிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய அந்த நாடகத்தில் தேவசோமா என்ற பெண் காஞ்சித் தெருக்களில் குடித்துவிட்டுத் திரிகிறாள். அவளும் காபாலிகன் ஒருவனின் துணையோடுதான் திரிகிறாள். அவளைப் படைத்தவன் சிரிப்பதற்காகவே படைத்தான். வேலையில்லாமல் தெருவில் நடக்கும் பெண், கேலி நாடகத்தில்தான் இடம் பெற்றாள்.

உழைத்துக் களைத்த பெண்ணுக்கு உலாப்போவது ஆடம்பரம் இல்லையா என்று ஒரு மறுப்பு வரும். செய்யார் சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். உலகத்தார் நடக்கவும் ஓடவும் போட்டுக்கொள்ளும் காலணிகளை அவர்கள் தைக்கிறார்கள். அவர்களைக் காலையில் ஏற்றிப்போகும் பேருந்து மாலையில் இறக்கிவிடுகிறது. ஆரணிப் பக்கம் பட்டு நெய்யும் வீடுகளில் ராட்டையில் தார் சுற்றும் பெண்ணின் ஒரு நாள், உட்கார்ந்த இடத்திலேயே முடிகிறது. ஓய்வு ஆடம்பரம் என்றால் எட்டு மணிநேர வேலை கேட்டவர்களும் ஆடம்பரத்தையே கேட்டார்கள். அதிகம் உழைக்கும் கால்களுக்கே சும்மா நடக்கும் கடன் அதிகம் பாக்கி இருக்கிறது.

தெரு எல்லோருக்கும் பொது என்பதும் தானாகக் கிடைத்ததல்ல. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடப்பதற்காகவே நடந்தது. நாகம்மையும் கண்ணம்மாளும் அதில் பங்கெடுத்தார்கள். ஊரும் சேரியும் தனித்தனியே இருக்கும் இடத்தில் ஒரு தலித் பெண்ணிடம் “எங்கே போறே?” என்ற கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது: பெண் என்பதற்காக ஒரு முறை, சாதிக்காக ஒரு முறை. நாம் போடும் நடைவழி கோயிலையும் குடைவரையையும் மட்டும் இணைத்துச் சேரியை விட்டுவிட்டால், அது பழைய தடையின் புது வரைபடமாகவே இருக்கும்.

பலகை நடுவது எளிது. பலகைகள் நிறைந்த சுவிட்சர்லாந்திலேயே கூட்டாட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடினமான வேலை நம் வாசலில் இருக்கிறது. “எங்கே போறே?” என்று முதலில் கேட்பது பெரும்பாலும் அம்மாவோ அத்தையோ அக்காவோதான். பயத்தில் கேட்கிறோம், பாசத்தில் கேட்கிறோம். ஆனால் மகனிடம் அதைக் கேட்டுப் பதில் வராவிட்டால் விட்டுவிடுகிறோம். மகள் “சும்மா நடந்துட்டு வரேம்மா” என்று சொல்லும்போது, அதையும் ஒரு முழுமையான பதிலாக ஏற்கப் பழக வேண்டும். முடிந்தால் நாமும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்க வேண்டும்.