கரட் துண்டு

ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. போஸ்ற்பிரிட்ஜைத் தாண்டி, பி3212 வீதியோரத்தில் சரளைக்கல் போட்ட சிறிய தரிப்பிடம் ஒன்றில் காரை நிறுத்திச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தோம். ஒரு மட்டக்குதிரைக் குட்டி வந்து, திறந்திருந்த பின்கதவுக்குள் தலையை நீட்டியது. மண்ணிற உடம்பு, நெற்றியில் வெள்ளை. தாய்க்குதிரை சற்றுத் தள்ளிப் புல்லில் நின்றது. கார்கள் அதற்குப் புதிதல்ல என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. அப்போது எட்டு வயதான என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வெட்டி வைத்த கரட் துண்டுகள் பெட்டியில் இருந்தன. எடுத்துக் கொடுத்தது நான். "உள்ளங்கையை விரிச்சுப் பிடி, கடிக்காது" என்று சொன்னதும் நான். குதிரைகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம் என்ற பலகையைக் காரை நிறுத்தும்போதே வாசித்திருந்தேன்.

ஒக்டோபரில் அதே வீதியால் ஒரு காலை தனியாகப் போனேன். அந்தத் தரிப்பிடத்துக்குச் சற்று முன்னால், வளைவில், ஒரு குட்டி புல்லோரம் கிடந்தது. இரவில் ஏதோ வாகனம் அடித்திருக்க வேண்டும். யாரோ தலையைச் சாக்கால் மூடியிருந்தார்கள். மண்ணிற உடம்பு. நெற்றி தெரியவில்லை. காரை மெதுவாக்கினேன், இறங்கிப் போய்ச் சாக்கை விலக்கிப் பார்க்கவில்லை.

டாட்மூரில் மண்ணிறக் குட்டிகள் எத்தனையோ. எங்கள் குட்டியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று பல நாள் எனக்குள் கணக்குப் போட்டேன். பிறகுதான் அந்தக் கணக்கே பிழை என்று பட்டது. கையால் உண்ணப் பழகிய குதிரை வீதியைத் தேடி வரும். கார் நின்றால் தீனி வரும் என்று குட்டி தாயிடம் பழகும். நான் கொடுத்தது ஒரு துண்டு. அந்த ஓகஸ்டில் அங்கே நின்ற கார்கள் எத்தனை? செத்தது வேறு குட்டியென்றால், அதற்குக் கொடுத்தவர் வேறொரு தகப்பன். அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டுமே.

அங்கே குதிரைக்கு உணவு கொடுப்பது தேசியப் பூங்காவின் உபவிதிகளின்படி குற்றம். திறந்த மேய்ச்சல் நிலத்தில் மணிக்கு 40 மைல்தான் வேகம். இரண்டையும் மீறுகிறவர்களில் பெரும்பாலானோர் குதிரைகளை நேசிப்பவர்கள் என்றே நினைக்கிறேன். அந்த நேசத்தில்தான் எனக்குச் சிக்கல். கரட் கொடுத்த அன்று மகிழ்ச்சி முழுவதும் எங்களுக்கு. படமும் எங்களிடம்தான் இருக்கிறது.

முதலில் நான் அவற்றைக் காட்டுக் குதிரைகள் என்றே நினைத்திருந்தேன். பார்க்க அப்படித்தான் இருக்கும். மழையிலும் பனியிலும் வேலியில்லாத வெளியில் நிற்கும். முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்குமளவுக்கு அடர்ந்த மயிர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. பொதுநிலத்தில் மேய்க்கும் உரிமை பெற்ற விவசாயக் குடும்பங்கள் அவை. ஒரு காலத்தில் இந்தக் குதிரைகள் தகரம் சுமந்தன. பிரின்ஸ்டவுன் சிறைக் காவலர்கள் 1960கள் வரை இவற்றில் ஏறிக் கைதிகளைக் காவல் காத்தார்கள். இன்று அந்த வேலைகள் எதுவும் இல்லை. 1950களில் பல்லாயிரமாக இருந்தவை இப்போது 1,500 அளவில்தான் என்கிறார்கள். தேசியப் பூங்காவின் சின்னத்தில் இருப்பதும் ஒரு மட்டக்குதிரைதான். சின்னமாக இருப்பதற்குச் சம்பளம் கிடையாது.

பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், ஒரு விலங்குக்குப் பொறுப்பானவர் நிறைவேற்ற வேண்டிய தேவைகளை வரிசைப்படுத்துகிறது. தகுந்த சூழல், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், மற்ற விலங்குகளோடு சேர்ந்தோ பிரிந்தோ வாழும் வசதி, வலியிலும் நோயிலும் இருந்து பாதுகாப்பு. வாசிக்கும்போது ஒன்றுக்கொன்று இசைவாகத்தான் தெரிகிறது. மேட்டுவெளியில் அவை மோதிக்கொள்கின்றன. இயல்பான நடத்தை என்றால் கூட்டமாக அலைவது, பொலிக்குதிரை மற்றதை விரட்டுவது, மாசி மாதத்தில் மெலிவது, மனிதர் தொடமுடியாமல் இருப்பது. தொடமுடியாத குதிரையின் புண்ணுக்கு எப்படி மருந்து போடுவது? பிடித்து அடைத்தால் ஒரு தேவை நிறைவேறும், இன்னொன்று போகும்.

எல்லாவற்றிலும் கடினமானது இலையுதிர்காலம். அப்போது உரிமையாளர்கள் குதிரையிலும் நாற்சில்லு மோட்டார் வண்டியிலும் போய் எல்லாவற்றையும் மேட்டில் இருந்து இறக்குவார்கள். அடையாளம் பார்த்துப் பிரிப்பார்கள், கிழட்டுக் குதிரைகளைச் சோதிப்பார்கள், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். பெட்டைக் குட்டிகள் சில திரும்பிப் போகும். ஆண் குட்டிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. சில ஆண்டுகளில் சந்தையில் ஒரு குட்டி நல்ல மதியச் சாப்பாட்டின் விலைக்குக்கூடப் போனதில்லை. வாங்க ஆளில்லாதவை சுடப்பட்டன. 2014இல் இந்தக் குதிரைகளைக் காக்கவென்றே இயங்கும் அமைப்பொன்று, இவற்றின் இறைச்சிக்குச் சந்தை இருந்தால்தான் இவை இந்த நிலத்தில் தப்பும் என்று சொன்னது. ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தன. எனக்கும் வயிற்றைப் புரட்டியது. அன்று இரவு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. அதே மேட்டில், அதே புல்லைத் தின்று, அந்தக் குதிரைகளுக்கிடையே நின்ற ஆடாகவும் இருக்கலாம். எந்த ஆட்டுக்குட்டிக்கும் எங்கள் வீட்டில் யாரும் கரட் வெட்டியதில்லை.

இறைச்சி வேண்டாம் என்றால் பிறப்பைக் குறைக்க வேண்டும். கருத்தடை ஊசியை இதே மேட்டில் பரீட்சித்தும் பார்த்தார்கள். எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. பிறந்து ஆறு மாதத்தில் சுடப்படுவதைவிடப் பிறக்காமல் இருப்பது மேல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரு கோடைகாலம் இருக்கிறது. அந்தக் குட்டி தாயைச் சுற்றி ஓடியதைப் பார்த்த பிறகு, அதை ஒன்றுமில்லை என்று கழிக்க என்னால் முடியவில்லை.

மனிதர் தலையிடாமல் இயற்கையிடம் விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதைச் செய்து பார்த்த இடமும் உண்டு. ஒல்லாந்தில், கடலில் இருந்து மீட்ட நிலத்தில், ஊஸ்ற்வார்டர்ஸ்பிளாசன் என்ற காப்பகத்தில் கொனிக் குதிரைகளையும் மாடுகளையும் செம்மான்களையும் விட்டு, அவற்றின் போக்கில் பெருக விட்டார்கள். 2017-18 பனிக்காலத்தில் 3,000க்கும் மேற்பட்டவை செத்தன. பெரும்பாலானவற்றைப் பட்டினியில் சாகுமுன் காவலர்களே சுட்டார்கள். மக்கள் வேலிக்கு மேலால் வைக்கோலை எறிந்தார்கள். அங்கே வேலி இருந்தது என்பதுதான் விசயம். பசித்த விலங்கு வேறிடம் போகமுடியாதபடி அடைத்துவிட்டு அதை இயற்கை என்பது எப்படி? என் கணினி வேலையில், ஒரு இயந்திரத்தைத் தொடாமல் விடுவதற்கும் யாராவது பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தபோது இதைச் சொன்னேன். "நெடுந்தீவுக் குதிரையளுக்கு ஆர் இருக்கினம்? கோடையிலை தண்ணி இல்லாமல் விழுந்து சாகுதுகள்" என்றார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை அவை. லாயத்தின் கற்தூண்கள் மட்டும் நிற்கின்றன. சொந்தக்காரர் இல்லாததால் அவை டாட்மூர்க் குதிரைகளைவிடச் சுதந்திரமானவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்ற மாசியில் மகளோடு மறுபடி போனேன். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. தரிப்பிடத்துக்கு மேலே ஒரு கிழட்டுக் குதிரை தனியே நின்றது. மயிருக்குள்ளும் இடுப்பெலும்பு துருத்தித் தெரிந்தது. மகளின் பையில் அப்பிள் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டி மறுத்தேன். நல்ல தகப்பனாக உணரவில்லை. விலங்குக்கு ஏதும் என்றால் அறிவிக்கும் எண்ணை எடுத்து, குதிரை நிற்கும் இடத்தைச் சொன்னேன். சிறிது நேரத்தில் உரிமையாளரே அழைத்தார். அவருக்கு அந்தக் குதிரையைத் தெரிந்திருந்தது. வயதும், எந்தக் காலை நொண்டும் என்பதும், அது பெற்ற குட்டிகள் எத்தனை என்பதும். இந்தப் பனிக்காலத்தைத் தாண்டாது என்று நினைத்திருந்தாராம். பொழுதுபட முன்னம் வருவதாகச் சொன்னார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், அந்த வளைவைக் கடக்கும்போது, மகள் கேட்டாள்.

"நாங்கள் கரட் குடுத்த குட்டி இப்ப எங்கை அப்பா?"

"வளந்திருக்கும்" என்றேன்.