இழை தளரும் கணம்

வாப்பா கதிரையில் இருந்தபடியே தொழத் தொடங்கி 8 மாதம். நெற்றி நிலத்தில் படவில்லையே என்பதுதான் நாரி நோவைவிட அவருக்குப் பெரிய வருத்தம்.

*

மருதமுனையில் 40 வருடம் குழித்தறி. கால் குழிக்குள், கண் பாவில், முதுகு எந்நேரமும் முன்னால் வளைந்தபடி. முள்ளந்தண்டின் அடித்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பில் முட்டிவிட்டது. நாரியில் தொடங்கி குதிக்கால்வரை கரண்ட் இறங்குகிற மாதிரி என்பார். கொழும்புக்குப் போன இராப் பஸ்ஸில் பாதித் தூரம் நின்றுகொண்டே வந்தார்.

*

டொக்டர் நாரியில் போடச் சொன்ன ஊசி தண்டுவடத்துக்குள் போவதில்லை. உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நாள். வடத்தைச் சுற்றி ஓர் உறை. உறைக்கு வெளியே கொழுப்பும் சிறு இரத்தக் குழாய்களும் கிடக்கிற, சில மில்லிமீற்றரே அகலமான இடம். அங்கே ஸ்டீரொய்ட் விட்டால் நரம்பின் அழற்சி தணியும். பிள்ளைப்பேற்று நோவுக்கும் அதே இடம்தான்; அதற்கு விறைக்க வைக்கும் மருந்து, மெல்லிய குழாய் வழியே, மணிக்கணக்காக.

"எங்களுக்கு அப்ப ஆரு போட்டா?" என்றா உம்மா.

*

எக்ஸ்ரே திரை இருந்தாலும் விரலும் வேண்டுமாம். தடித்த தசைநாருக்குள் ஊசி நிற்கும்வரை சிரிஞ்சை அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும். நாரைக் கடந்த கணம், சட்டென்று தளரும். டொக்டர் சொன்னதைக் கேட்டு வாப்பா தலையாட்டினார்: "நூல் அறுந்தா கைக்கு விளங்கும்தானே, அப்பிடி."

ஸ்பெயின் இராணுவ வைத்தியர் பிதெல் பஹேஸ் நாரிவழியே இந்த இடத்துக்கு மருந்து செலுத்தும் முறையை 1921இல் எழுதினார். இரண்டு வருடத்தில் வீதி விபத்தில் போய்விட்டார். பத்து வருடம் கழித்து இத்தாலியின் டொக்லியோத்தி அதையே எழுதியபோதுதான் உலகம் கவனித்தது. முந்தியவரின் பெயர் பிந்தியே வந்தது.

*

ஊசி போட்டும் உடனே சுகம் வரவில்லை. முதலில் ஏறியது சீனிதான். ஸ்டீரொய்டின் வேலை, சில நாளில் இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள்தான் வாப்பா பஸ்ஸின் கதையை விட்டு வேறு கதை பேசினார். பிதுங்கிய தட்டு அப்படியேதான் இருக்கிறது. இந்தச் சுகம் சில வாரமோ, சில மாதமோ.

*

இன்று சுபஹு. பாயில் கையை ஊன்றி, மெதுவாக, நெற்றியை வைத்தார். வழமையைவிட நேரமெடுத்தது, நோவினாலா என்று பயந்தேன். எழுந்தபோது நெற்றியில் பாயின் வரி பதிந்திருந்தது.

கதிரையை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

"அது அங்கயே கிடக்கட்டும் மகன்" என்றார்.