இரண்டு தட்டுகள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடலாம். இந்த இரண்டு ஊர்களிலும் ஊருக்கு ஒருவராக எனக்கு இரண்டு நண்பர்கள் உண்டு. ராஜபாளையத்து நண்பர் பஞ்சாலையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு வாரம் இருக்கமாட்டார்கள். பார்த்துவிட்டால் தர்க்கம் செய்யாமல் ஒரு நாழிகை இருக்கமாட்டார்கள்.

வென்றதெல்லாம் உயர்ந்ததுதானா, தோற்றதெல்லாம் தாழ்ந்ததுதானா என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது இவர்களுடைய தர்க்கம் ஒன்றுதான். கேள்வி பெரியது; அது பிறந்த இடம் மிகச் சிறியது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு தட்டுகள்!

2007-ஆம் வருஷம் அது. இருவருடைய பிள்ளைகளும் அமெரிக்காவில் இருந்தார்கள். சினிமாப் படத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் புதுவகைத் தட்டுகள் அப்போது அங்கே விற்பனைக்கு வந்திருந்தன. இஞ்சினியரின் மகன் அப்பாவுக்கு 'எச்.டி. டி.வி.டி.' பெட்டியை அனுப்பினான். ஆசிரியரின் மகன் 'புளூ-ரே' பெட்டியை அனுப்பினான். ஒன்றில் போடும் தட்டு மற்றொன்றில் ஓடாது. நண்பர்கள் கட்சி கட்டிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், இரண்டு தட்டுகளையும் படிப்பது ஒரே நீல ஊதா ஒளிதான். அதன் அலைநீளம் 405 நானோமீட்டர். பழைய டி.வி.டி.யைப் படிக்கும் சிவப்பு ஒளிக்கு 650. ஊசி மெலிந்தால் தையல் நெருக்கமாக விழும் அல்லவா? அதுபோல, மெல்லிய ஒளிக்கு ஏற்ப எழுத்தையும் நெருக்கி எழுதினார்கள். பழைய தட்டின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். எச்.டி. டி.வி.டி.யில் 15, புளூ-ரேயில் 25. திரையில் விழும் படமோ இரண்டிலும் அகலத்தில் 1,920 புள்ளிகள், உயரத்தில் 1,080 புள்ளிகள். இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து பார்த்தவன் நான். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"எங்க மில்லுல எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், வாத்தியாரே" என்பார் இஞ்சினியர். "புது மெஷின் வந்தா பழசைப் பேர்த்து எறி, அதை ஓட்டினவனையும் வீட்டுக்கு அனுப்புங்கிறதுதான் வழக்கம். என் தட்டு அப்படி இல்லே. பழைய தட்டு அடிக்கிற தொழிற்சாலையிலேயே கொஞ்சம் மாத்தி இதையும் அடிச்சுக்கலாம்."

அது உண்மைதான். எச்.டி. டி.வி.டி.யில் எழுத்து இருப்பது பழைய டி.வி.டி.யைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில். புளூ-ரேயிலோ 0.1 மில்லிமீட்டர்தான், அதற்குப் புது இயந்திரங்களே வேண்டும். 2006-இல் அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் வந்த எச்.டி. டி.வி.டி. பெட்டி சுமார் 500 டாலர். புளூ-ரே பெட்டி சுமார் 1,000. இன்னொன்றும் உண்டு. எச்.டி. டி.வி.டி.க்கு நாட்டு எல்லை கிடையாது. புளூ-ரேக்காரர்கள் உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பங்கு போட்டார்கள். அமெரிக்கா ஒரு மண்டலம், இந்தியா வேறு மண்டலம். மண்டலப் பூட்டுப் போட்ட தட்டு மற்ற மண்டலத்துப் பெட்டியில் ஓடாது.

ஆசிரியர் அசையமாட்டார். "கல்யாணத்துக்கு அண்டா வாங்கறவன் இன்னிக்கு வீட்டிலே எத்தனை பேர்னு எண்ணியா வாங்குவான், இஞ்சினியர் ஸார்? வரப்போற கூட்டத்தை நினைச்சு வாங்கணும். இடம் பெரிசா இருக்கிறதுதான் நாளைக்கு உதவும்" என்பார். அதுவும் நியாயந்தானே?

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் தீர்ப்பு இந்த நியாயங்களை மட்டும் கேட்டு எழுதப்படவில்லை. 2006 நவம்பரில் சோனி கம்பெனி தன் 'பிளேஸ்டேஷன் 3' விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே புளூ-ரேயை வைத்து விற்றது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோடு ஒட்டிக்கொண்டு அது வீடுகளுக்குள் நுழைந்தது. 2008 ஜனவரி 4 அன்று, அதுவரை இரண்டு வகையிலும் படங்களை வெளியிட்டுவந்த வார்னர் பிரதர்ஸ், இனிமேல் புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பிப்ரவரி 19 அன்று எச்.டி. டி.வி.டி.யின் தாயகமான தோஷிபா, தன் கடையைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டது.

அந்த வாரம் ஆசிரியர் அரைக் கிலோ பால்கோவாவோடு ராஜபாளையத்துக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். படி ஏறும்போதே, "துக்கம் கேட்க வந்திருக்கோம், ஸார்!" என்றார் ஆசிரியர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இஞ்சினியர் சிரிக்கவில்லை. காபி கொண்டுவந்த அவர் மனைவிதான், "அவரை ஏன் அண்ணா சீண்டறீங்க? வாங்கின பெட்டி நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

அந்தச் சிரிப்புக்காக நான் பின்னால் வெட்கப்பட வேண்டியிருந்தது.

நாலு வருஷம் கழித்து அந்த அம்மாள் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் பெட்டியும் நின்றுபோயிற்று. அதைப் பழுது பார்க்க மதுரை வரை போயும் ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் போனபோது இஞ்சினியர் ஒரு தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி அமெரிக்கா போயிருந்தபோது மகன் எடுத்த படம் அது. சாதாரண டி.வி.டி. தட்டில், எச்.டி. டி.வி.டி. பெட்டியில் மட்டுமே ஓடும்படி எழுதி அனுப்பியிருந்தான். பக்கத்து வீட்டு டி.வி.டி. பெட்டியில் போட்டுப் பார்த்தாராம். ஓடவில்லை.

"அவ குரல் இதுக்குள்ளேதான் இருக்கு" என்றார்.

தோற்ற கட்சியில் நின்றதற்கு ஒரு மனிதர் கொடுக்கும் விலை இவ்வளவா? ஜெயித்தவர்களுடைய கணக்கில் இந்த விலை எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. வேடிக்கை பார்த்துச் சிரித்த என் போன்றவர்களின் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. தட்டை வாங்கித் தம் துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பையனிடம் கொடுத்து நாலு நாள் கூடவே உட்கார்ந்தார். எழுதிய முறை புதிது என்றாலும் தட்டு பழைய ஜாதிதான். அதனால் கம்ப்யூட்டர் அதைப் படித்தது. பழையதோடு உறவை அறுத்துக்கொள்ளாத தட்டு என்று இஞ்சினியர் எந்தக் குணத்தைப் புகழ்ந்தாரோ, அந்தக் குணமே கடைசியில் கை கொடுத்தது.

இதனால் தோற்றதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. அது பழைய தவற்றையே திருப்பிப் போட்டுச் செய்வதாகும். ஆசிரியரின் அண்டா நியாயம் இன்றும் நியாயந்தான். நான் கண்டது இவ்வளவே: வெற்றி என்பது ஒரு நாளின் செய்தி, தகுதி என்பது வேறு விசாரணை. ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக அழைப்பது நம் சோம்பேறித்தனம்.

வென்றவருக்குத்தான் என்ன நிரந்தரம்? 1975-இல் 'பீட்டாமேக்ஸ்' நாடாவைக் கொண்டுவந்து, மறுவருஷம் வந்த வி.எச்.எஸ்.ஸிடம் தோற்றது இதே சோனிதான். ஜெயித்த வி.எச்.எஸ். பெட்டிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானியக் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. 2025 பிப்ரவரியில், நாமே பதிவு செய்துகொள்வதற்கான புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை சோனி நிறுத்திக்கொண்டது. ஆசிரியர் வீட்டில் ஜெயித்த பெட்டியின் மேல் இப்போது ஒரு தஞ்சாவூர்ப் பொம்மை தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த திருப்பாவையின் முப்பது பாட்டுக்களும் ஓலையில் இருந்தன, அச்சில் ஏறின, இசைத்தட்டிலும் நாடாவிலும் இருந்துவிட்டு இன்று செல்போனில் ஒலிக்கின்றன. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் கள்ளழகருக்கும் போகிறது. போன வருஷத்து மாலை வாடிவிட்டது. இந்த வருஷத்துக்கு யாரோ உட்கார்ந்து புதிதாகத் தொடுக்கிறார்கள். பாத்திரம் எதுவானாலும், உள்ளே இருப்பதை அடுத்த பாத்திரத்துக்கு மாற்றித் தருகிறவர் ஒருவர் வேண்டும். அந்த வேலையை வென்ற கட்சிக்காரரே, தோற்ற நண்பருக்காகச் செய்தார் என்பதில்தான் எனக்கு ஆறுதல்.

ஐந்தாம் நாள் மூவரும் ராஜபாளையத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்தோம். பனி கொட்டிக் கிடக்கும் வாசலில், புடைவைக்கு மேலே மகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் நிற்கிறார். காமிராவைப் பார்த்துக் கையை அசைத்துக் கடிந்துகொள்கிறார்:

"இதையெல்லாம் எதுக்குடா படம் பிடிக்கறே? ஊருக்குப் போய் அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்!"

இஞ்சினியர் சிரித்தார். இன்னொரு முறை போடச் சொன்னார்.