ஆப்தன் யார்?

நியாய தரிசனத்தில் எனக்குப் பிடித்த இடம் கடவுளைப் பற்றியதல்ல, சாட்சியைப் பற்றியது. பிறர் சொல்லை எப்போது அறிவாக ஏற்கலாம்? சொல்பவன் ஆப்தனாக இருந்தால் ஏற்கலாம். அவன் விஷயத்தை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், கேட்பவர் மேல் கருணை வேண்டும், அறிந்ததை உள்ளபடி சொல்லும் விருப்பமும் வேண்டும். ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்கிறார் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். பிறகென்ன, நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பேஸ்பால் சேனலை இதில் உரசிப் பார்க்கலாம்.

எடிசனிலிருந்து மன்ஹாட்டனுக்கு நான் வேலைக்குப் போகும் ரயில் சகாகஸைத் தாண்டித்தான் போகும். மேஜர் லீக் பேஸ்பால் தன் சொந்த சேனலை 2009 ஜனவரி 1 அன்று அந்த ஊரில்தான் தொடங்கியது. எம்எஸ்என்பிசி காலி செய்த கட்டடம். முதல் நாளே ஏறத்தாழ 5 கோடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும்பங்கு லீக்குடையது, மிச்சம் கேபிள், டிஷ் கம்பெனிகளுடையது.

அன்றிரவு போட்டது 1956 அக்டோபர் 8 ஆட்டம். யாங்கீஸின் டான் லார்சன், டாட்ஜர்ஸ் 27 முறை மட்டை பிடித்தும் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் பந்தெறிந்த உலகத் தொடர் ஆட்டம் அது. டிவி திரையையே பிலிம் கேமராவால் பிடித்த பதிவு. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர் ஒரு தனியார் சேகரிப்பாளர், லீக் அல்ல. முதல் இன்னிங்ஸ் அதில் இல்லை. லார்சனும் அவருக்கு அன்று கேட்சராக இருந்த யோகி பெராவும் ஸ்டுடியோவில் சேனலின் தொகுப்பாளர் பாப் காஸ்டஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு கிழவர்களும் நேரில் அறிந்தவர்கள். ஆப்தத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் வாய்க்காது.

படம்தான் இருக்கிறதே, சாட்சி எதற்கு என்று கேட்கலாம். மீமாம்சகர்கள் வேதத்துக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: சொல்லின் குற்றம் சொல்பவனிடமிருந்து வருகிறது, சொல்பவனே இல்லையென்றால் குற்றமும் இல்லை. கேமராவுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. லார்சனின் கடைசிப் பந்தை டாட்ஜர்ஸின் டேல் மிட்செல் அடிக்காமல் விட்டார். அம்பயர் பேப் பினெல்லி ஸ்ட்ரைக் என்றார். பந்து விலகிப் போனது என்பது மிட்செல் கட்சி. படம் இருந்தும் ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். தவிர, எந்தப் படத்தை எந்த இரவில் போடுவது என்று கேமரா முடிவு செய்வதில்லை.

முதலாளி தன் வீட்டுக் குற்றத்தைப் பேசமாட்டான் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. 1998இல் 70 ஹோம் ரன் அடித்த மார்க் மெக்வயர், ஊக்கமருந்து எடுத்ததை 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டபோது இதே சேனலில்தான் காஸ்டஸ் எதிரே உட்கார்ந்தார். காயம் ஆறத்தான் எடுத்தேன், அடிக்கும் பலம் அதனால் வரவில்லை என்றார். காஸ்டஸ் விடவில்லை, மாற்றி மாற்றிக் கேட்டார். லீக்குக்குச் சங்கடமான ஒரு மணி நேரம் லீக்கின் காசிலேயே ஒளிபரப்பானது. அந்தப் பேட்டியை நான் மதிக்கிறேன்.

ஆனால் அங்கே கூண்டில் நின்றது ஆட்டக்காரர். 2009 முதல் அந்தச் சேனலில் இருந்த நிருபர் கென் ரோஸந்தாலின் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் நீட்டிக்கப்படவில்லை. 2020இல் லீக் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட்டை விமர்சித்து எழுதியதே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆண்டுதோறும் ஆட்கள் மாறுவது இயல்பு என்றது சேனல். அப்படியே வைத்துக்கொண்டாலும், மிச்சமிருக்கும் நிருபர்கள் கமிஷனரைப் பற்றி வாய் திறக்குமுன் ரோஸந்தாலை நினைக்காமல் இருப்பார்களா? ஆப்தத்தைக் கெடுக்கப் பொய் வேண்டியதில்லை, இந்தத் தயக்கம் போதும்.

நேரடி அறிவு அந்தச் சேனலுக்கு வேறு எவரையும்விட அதிகம். ரசிகன் மேல் அன்பும், வியாபாரம் கலந்ததுதான் என்றாலும், உண்டு. இவ்விரண்டையும் தாராளமாகக் கொடுப்பேன். உள்ளபடி சொல்லும் விருப்பம் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இருக்கிறது; முதலாளிகள் விஷயத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை.